மூலை வீட்டு அக்காவும் நடாத தூண்களும்

எங்கள் வரிசையில் இப்போது பாதி வீடுகளின் கூரை மேல் சோலார் ஏறிவிட்டது. மத்தியான வெயிலில் மாடியிலிருந்து பார்த்தால் கண் கூசுகிறது. போட்டவர்களில் யார் யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன், நான் அந்த ரகம் இல்லை. எங்கள் வரிசையில் கேட்கிற ரகம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். முதன்முதலில் சோலாருக்கு ஆசைப்பட்டதும் அவர்தான். ஆனால் அவர் வீட்டில் கடைசிவரை அது வரவேயில்லை.

அவரை மூலை வீட்டு அக்கா என்றுதான் சொல்வோம். புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பு, தாமான் என்போம், எங்களுடையது. அதில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. ஒரு பக்கம் என் வீட்டுச் சுவர். இன்னொரு பக்கம் அவருடைய சொந்தக் காலி இடம், நல்ல வெயில் விழுகிற இடம். அதைத் தாண்டினால் லோங்காங். சாக்கடை என்று சொன்னால் எங்கள் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், லோங்காங் அடைத்துக்கொண்டது என்றால்தான் மண்வெட்டியோடு ஓடி வருவார்கள்.

குடிவந்த முதல் வாரமே என் கேட்டில் வந்து நின்றார். நான் அப்போது தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். இரவு ஷிப்டு முடிந்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். பூட்டைப் பிடித்து ஆட்டி ஆட்டி எழுப்பிவிட்டார். என்னவோ ஏதோ என்று தலையை முடிந்துகொண்டு ஓடினேன்.

"தங்கச்சி, நாங்க இன்னைக்கு கருவாடு பொரிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"பொரிங்களேன் அக்கா. உங்க சட்டி, உங்க கருவாடு."

"இல்ல, காத்து உங்க பக்கம்தான அடிக்குது."

கருவாடு பொரிக்க அனுமதி கேட்டவர், தூங்குகிறவளை எழுப்பலாமா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுக்கத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் ஒரு தட்டில் பொரித்த கருவாடும் சுடச்சுட ரசமும் வந்தன. தின்றுவிட்டு மறுபடியும் கோபப்பட்டேன்.

எதற்கும் கேட்பார். பாசாரில் கத்தரிக்காயைத் தொடுவதற்கு முன்னால், தொட்டுப் பார்க்கலாமா என்று சீனக் கடைக்காரரைக் கேட்பார். அவர் ஆரம்பத்தில் சிரித்தார், அப்புறம் எரிச்சல்பட்டார், கடைசியில் அக்கா தலை தெரிந்ததுமே நல்ல காயாகப் பொறுக்கித் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தார். நான் பத்து காயை அமுக்கிப் பார்த்து வாங்கினாலும் ஒன்று சொத்தையாக வரும். ஆஸ்பத்திரியில் நாற்காலியில் உட்காரலாமா என்று காவலாளியைக் கேட்பார். எங்கள் எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணியிடம், சாம்பிராணி போடப்போகிறேன், உங்கள் துணியை எடுத்துவிட்டீர்களா என்று கேட்பார். கூட நடக்கிற எனக்குத்தான் மானம் போகும்.

"ஏன்க்கா, எல்லாத்துக்கும் போயி நின்னு கேக்கணுமா? சும்மா செஞ்சிட்டுப் போங்களேன் லா."

"கேட்டா என்னாவாம்? வாயா தேஞ்சிடும்?"

இதுதான் அவருடைய பதில். எத்தனை தரம் கேட்டிருப்பேனோ!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய ஆவல். ஒரு தடவை கேட்டேன். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு கட்டினாராம், மானேஜர் வந்து பார்த்துவிட்டு உடைத்துப் போடச் சொன்னாராம். கோழியெல்லாம் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டது, அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம் என்றார். சரி என்று நம்பினேன். அடுத்த வருஷம் வேறு கதை சொன்னார்.

"என்னைய யாரும் ஒண்ணும் கேட்டதே இல்ல தங்கச்சி. பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனப்பவும் கேக்கல, கல்யாணத்துக்கும் கேக்கல. பேசி முடிச்சிட்டு வந்து சேலையக் குடுத்தாங்க. அதான் நானாச்சும் கேப்போம்னு."

இதையும் நம்பினேன். அப்புறம் ஒரு நாள் நல்ல சந்தோஷத்தில் இருந்தபோது, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா. கேட்டா பேச ஆள் கெடைக்குது" என்று சிரித்தார். மூன்றில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோழிக்கூண்டு கதையில் மட்டும் ஒவ்வொரு முறையும் கோழிகள் கூடிக்கொண்டே போனது உண்மை.

சோலார் கதைக்கு வருகிறேன்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டியவர். சாயங்காலமானால் வீட்டு வாசலில் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுக்கிற மனிதர். ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கையை மட்டும் தூக்குவார். காலி இடத்தைப் பார்த்த அறையில் கட்டில் போட்டார்கள். அந்த அறைச் சுவரில்தான் வெயில் முழுக்க வந்து விழும். உடம்பெல்லாம் வேர்க்குரு, முதுகில் புண் வந்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். ஏர்கோன் மாட்டினார். குளிர் வெளியே போகக்கூடாது என்று சன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, கறுப்புத் திரை போட்டார். பகலும் இரவும் ஏர்கோன் ஓடியது. மின்சார பில்லைப் பார்த்து அக்கா நெஞ்சில் கை வைப்பார்.

நேரம் தவறாமல் கஞ்சி, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தல், வெந்நீர்த் துணியால் துடைத்தல். அப்படிப் பார்த்துக்கொள்ள இன்னொரு பிறவி எடுத்து வரவேண்டும். "அண்ணன் என்னாக்கா சொல்றாரு?" என்று நான் விசாரித்தால், "அவரு என்னா சொல்றது? அவருக்கு என்னா வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்பார்.

பில்லைக் குறைக்க ஒரே வழி சோலார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டவுனிலிருந்து சோலார் போடுகிற தம்பி ஒருவன் வந்து பார்த்தான். நம்ம பையன்தான், நல்ல வேலைக்காரன். அக்கா வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு.

"கூர மேல ஏத்த முடியாதுக்கா. ஆள் ஏறுனாலே ஒடஞ்சிடும். இந்தப் பக்கத்துல காலி எடம் இருக்குல்ல, நாலு இரும்புத் தூண் நட்டு அது மேல போட்டுடுவோம். வெயில் அள்ளிக்கிட்டு வரும்."

"கேக்கணுமா?"

"கூர மேல ஒட்டிப் போட்டா பெரிசா ஒண்ணும் இல்லக்கா. தூண் நட்டா அது ஒரு கட்டடம் மாதிரி, நகராண்மைக்கழகத்துல கேக்கணும். ஆனா யாருக்கா கேக்குறா? சும்மா போட்டுடலாம் லா. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான்."

அவன் யாரிடம் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் சொல்லிவிட்டான், பாவம். அக்கா அன்றே சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலம் என் வீட்டுப் போர்ச்சில் வரிசையே கூடிவிட்டது. காரணம் இருந்தது. முதல் காரணம், எங்கள் வரிசையில் யாரையும் கேட்காமல் பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டாத வீடே கிடையாது. அளக்கிற ஆள் வந்தால் ஒரு வீட்டோடு போவானா? இரண்டாவது காரணம்தான் பெரியது. அது முனியாண்டி.

அக்காவின் காலி இடம் முடிகிற இடத்தில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் பூசி, எலுமிச்சை செருகிய சூலத்தோடு, முன்னால் சுருட்டு வைத்த முனியாண்டி. இந்தத் தாமான் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்துச் சாமி. வீடு கட்ட வந்தவர்கள் மரத்தை எல்லாம் சாய்த்தபோதும் அவரைத் தொடவில்லை. சாமி முதலில் வந்தவர், எல்லைக்கல் பிறகு வந்தது. வந்த எல்லைக்கல் அவருடைய நடு வயிற்றில் கோடு போட்டதுபோல் வந்தது. பாதிச் சாமி அக்காவின் நிலத்தில், பாதி லோங்காங் ஓர அரசாங்க நிலத்தில். கூரையும் கிடையாது. இரண்டு முறை தகரம் போட்டார்கள், இரண்டு முறையும் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு வெட்டவெளிதான் பிடிக்கும் என்று அதோடு விட்டுவிட்டார்கள். வரிசையில் கார், மோட்டார் என்று புதுக் காடி வாங்கினாலும், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் அங்கேதான் எலுமிச்சை நசுங்கும்.

லோரி மாமாதான் முதலில் பேசினார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், முனியாண்டிக்குப் பூசை வைப்பதும் அவர்தான். கோபம் வந்தால் அவருக்குக் குரல் நடுங்கும்.

"ஏம்மா, உன் கரண்டு பில்லுக்கு முனியாண்டியக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"முனியாண்டி என்னா மாமா, ஒளிஞ்சிக்கிட்டா இருக்காரு? ரோட்டப் பாத்துத்தான் நிக்கிறாரு."

"அதிகாரி வந்து பாத்தா எடுன்னு சொல்லிடுவான். அப்பறம் எங்க கொண்டுபோயி வைப்ப?"

"எடுக்கணுமா வேணாமான்னு கேட்டாத்தான மாமா தெரியும்? கேக்காமலே பயந்துக்கிட்டு எத்தன வருஷம் இருக்கிறது?"

"பயந்தாலும் இருந்தாரு இல்ல!"

எனக்கும் மாமா சொன்னதுதான் சரி என்று பட்டது. என் பின்பக்கச் சமையலறை வேறு கண்முன்னால் வந்து வந்து போனது. அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உங்க வீட்டு அடுப்படிய நான் பேசவே மாட்டேன். சத்தியம். என் வீட்டுக்கு மட்டும் கேட்டுட்டு வரேன். ஏர்கோன் நின்னா அவரு வெந்து போயிடுவாரு மாமா."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் நான்தான் அவரை என் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். உதவி என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன பேசப்போகிறார் என்று பார்க்கத்தான். அக்காவின் மலாய் தோட்டத்து மலாய், ஆனால் கொஞ்சமும் கூச்சப்படாத மலாய். கவுண்டரில் தலையைச் சுற்றித் தூடோங் துணி போட்ட சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூண் எல்லைக்கோட்டிலிருந்து தள்ளி நிற்கவேண்டும். அளவுக்கு மேல் உயரம் போகக்கூடாது. மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டில் விழக்கூடாது. வழக்கமாக வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஏன்?" என்றார்.

"ஏன் தள்ளி நிக்கணும்?"

தீப்பிடித்தால் வண்டி உள்ளே வர வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் காற்று வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

"சரிதான். அந்தப் பலகையோட நெழல் சாயங்காலத்துல நீண்டு வந்து இவங்க வீட்டுல விழுந்தா? இவங்க துணி காயாம போனா?" என்று என்னைக் கை காட்டினார். "நெழல் யாருக்குச் சொந்தம்? எனக்கா, இவங்களுக்கா? அதுக்கும் நான் கேக்கணுமா?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். அவரும் யோசித்தார். நாங்கள் நாலு பேரும் கவுண்டரின் இரண்டு பக்கமும் நின்று, நிழல் யாருக்குச் சொந்தம் என்று பேசிக்கொண்டிருந்தோம். என் பின்னால் வரிசையில் நின்ற சீனர் ஒருவர், தன் வீட்டு ரம்புத்தான் மரத்து நிழலைப் பற்றி உள்ளே புகுந்து பேச ஆரம்பித்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த எனக்கே ருசி தட்டிவிட்டது. பதில் மட்டும் கிடைக்கவில்லை. அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதிகாரி வந்தார். இளைஞர், ரொம்ப மரியாதையான பையன். வரிசை முழுக்கச் சன்னல் திரைகள் ஆடின. லோரி மாமா காலையிலிருந்தே முனியாண்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, செய்தித்தாளை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சூலம் நீட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயமும் போகவில்லை.

அதிகாரி டேப்பை இழுத்து அளந்தார், குறித்துக்கொண்டார். தூண் நடலாம், இவ்வளவு உள்ளே தள்ளி நட்டால் தடையில்லை என்றார். மாமா பக்கம் அவர் திரும்பவேயில்லை. வானத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என் துணிக்கொடியைப் பார்த்தார். பார்க்கக்கூடாது என்று பார்க்காமல் இருக்கிறார் என்பது எனக்கே விளங்கியது. நல்ல மனுஷன், கிளம்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் பைக்குள் டேப்பைப் போட்டார்.

"என்சிக்," என்று மரியாதையாகக் கூப்பிட்டார் அக்கா. "இந்தச் சாமிக்கும் கேக்கணுமா?"

மாமாவின் கையில் செய்தித்தாள் அப்படியே நின்றது.

"ஆன்டி, நான் சோலார் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் அதிகாரி.

"அது தெரியும். இதுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

அவர் பெருமூச்சு விட்டார். பையைக் கீழே வைத்தார். எல்லைக்கல்லைத் தேடி, புல்லை விலக்கிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திப் பேசினார். இந்த லோங்காங்கை ஒரு நாள் அகலப்படுத்துவார்கள். எப்போது என்று தனக்குத் தெரியாது. தோண்டுகிற இயந்திரம் வரும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை எல்லாம் வாரிக்கொண்டு போகும், யாரையும் கேட்காது. உங்கள் எல்லைக்குள் இருந்தால் அது உங்கள் வீட்டுச் சாமி, யாரும் பேச முடியாது. இப்போது பாதி உங்கள் சாமி, பாதி எங்கள் லோங்காங். "உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள் ஆன்டி. நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா மாமா! கேட்டா என்னாவாம்?" என்றார். மாமா செய்தித்தாளை மடித்தார். உடனே சோலார் தம்பியைப் பார்த்துக் கேட்டார், அவனும் அன்று வந்திருந்தான்.

"உள்ள தள்ளுனா சாமி எங்கப்பா நிப்பாரு?"

தம்பி இடத்தைச் சுற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். மீதி இடம் காலையில் வெகுநேரம் வீட்டு நிழலில் கிடக்கும். வெயில் முழுக்க விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். காவல் சாமியை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்க மாட்டோம், எல்லையோரமாக அங்கேதான் வைக்கவேண்டும். முனியாண்டி அங்கே வந்தால், சோலார் அவர் தலைக்கு மேல்தான் வரும். இரண்டு முறை தகரத்தைத் தூக்கி எறிந்த சாமியின் தலைக்கு மேல்.

"அதுக்கென்னா, அவருகிட்டயே கேட்டுடுவோம்" என்றார் அக்கா.

எங்கள் ஆட்கள் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், பார்க்க ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரிசையே வந்து நின்றது. மாமா சூடம் காட்டினார். பொட்டலம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றேன், விடவில்லை.

முதல் கேள்வி, சாமி உள்ளே வர சம்மதமா. எடுத்தேன். பிரித்தால் வெள்ளை மல்லிகை. பெண்கள் குலவை போட்டார்கள்.

இரண்டாவது கேள்வியை அக்காவே கேட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, யாரோ பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் பேசினார். "ஐயா, உங்க தலைக்கு மேல சோலார் போடலாமா? அவருக்காகத்தான் கேக்குறேன். படுத்திருக்காரு. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். நான் குனிந்து எடுத்தேன். எடுத்த பொட்டலத்தை மாமாதான் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

மாமாதான் தொண்டையைக் கனைத்தார். முனியாண்டி பக்கம் நின்று சண்டைபோட்ட அதே மாமா.

"மூணு தடவ கேக்கலாம்மா. எல்லாரும் கேக்குறதுதான். இன்னும் ரெண்டு தடவ கேளு."

"வேணாம் மாமா. கேட்டாச்சு. சொல்லிட்டாரு."

"அட, கேளுங்கக்கா!" என்று நான் கத்திவிட்டேன். "ஊரெல்லாம் போயி ஏன் ஏன்னு கேட்டீங்கல்ல? இங்க ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டீங்களா?"

"வேணுங்கிற பதில் வர்ற வரைக்கும் கேட்டா, அது கேக்குறது இல்ல தங்கச்சி."

எனக்கு அழுகை வந்தது. என் கையால் எடுத்த சிவப்பு. முனியாண்டி மேல் அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சாமி உள்ளே வந்தார். பிறகு ஒரு நாள் நிஜமாகவே லோங்காங்கைத் தோண்ட இயந்திரம் வந்தது. லோரி மாமா ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சு போனது, என் கறிவேப்பிலைச் செடி போனது, யார் யாரோ வைத்த வாழை எல்லாம் போனது. முனியாண்டி வேலிக்கு உள்ளே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அக்கா வீட்டு வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். என் கறிவேப்பிலைக்காக நான் மட்டும் ஒரு வாரம் புலம்பினேன்.

அண்ணன் போனபிறகு அக்கா வீட்டை விற்றுவிட்டுப் பெம்பானில் மகள் வீட்டோடு போய்விட்டார். வாங்க வந்தவர்களிடம் எல்லாம், சாமி இங்கேயே இருக்கலாமா என்று கேட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களுக்கு விற்கவில்லை. ஒரு சீனக் குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மாள் கேள்வியைக் காதில் வாங்கும் முன்பே ஊதுவத்தி எடுத்துப் பற்றவைத்துவிட்டார். அவர்களுக்குத்தான் கொடுத்தார்.

இதெல்லாம் சரி. அக்கா என்றால் எனக்கு நினைவில் வருவது இது எதுவும் இல்லை. பூப்போட்டுக் கேட்ட அன்று, எல்லாரும் கலையும் முன்னால் நடந்தது ஒன்று. அக்கா உள்ளே போனார். அழுவார், கூட இருக்கலாம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

அறை இருட்டாக, சில்லென்று இருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் போர்வையைச் சரிசெய்தார்.

"சோலார் இல்லேன்னு ஆயிடுச்சுங்க. பகல்ல மட்டும் ஏர்கோனக் கொஞ்சம் கொறைக்கணும். நான் விசிறிவிடுறேன். சரியா?"

அண்ணனின் இடது கை உடனே எழுந்தது. சம்மதம் என்றுதான் நினைத்தோம். கை கீழே வரவில்லை. சன்னல் பக்கம் நீண்டுகொண்டே இருந்தது.

"என்னாங்க? வெளிச்சம் படுதா? திரைய நல்லா இழுத்து விடவா?"

தலையை இல்லை என்று ஆட்டினார். கை அங்கேயே நின்றது.

"அக்கா, தொறக்கச் சொல்றாரு" என்றேன்.

"சூடு அடிக்குமே தங்கச்சி. அவருக்கு ஆகாதே."

கை இறங்கவில்லை. அக்கா எழுந்துபோய்த் திரையை விலக்கினார். டேப்பை உரித்தார், அது பிய்ந்து பிய்ந்து வந்தது. சன்னல் பிடித்துக்கொண்டிருந்தது, நானும் போய்த் தள்ளினேன். திறந்ததும் வெயில் சூடு முகத்தில் அடித்தது. கூடவே சூட வாசனை, பெண்களின் பேச்சு, ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் சத்தம். முனியாண்டி பக்கத்தில் நின்ற லோரி மாமா சன்னலைப் பார்த்துவிட்டார்.

"என்னா தம்பி! எவ்வளவு நாளாச்சு மூஞ்சியப் பாத்து! என்னைய வம்புக்கு இழுக்க ஆளே இல்லாம போச்சே!"

அண்ணனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. கோணிய வாயால், கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்துக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கப்போன அக்காவின் கையை இடது கையால் தள்ளிவிட்டு வெளியே பார்த்தார்.

அக்கா அப்படியே நின்றார். பிய்ந்த டேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊரெல்லாம் கேட்டேனே தங்கச்சி," என்றார். "கருவாட்டுக்குக் கேட்டேன். கத்தரிக்காய்க்குக் கேட்டேன்." அப்புறம் கட்டிலைப் பார்த்தார்.

நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தொறக்கவா?"

அண்ணன் கையைத் தூக்கினார்.